புல்லட்டில் லித்தியம் பேட்டரி: 41 மில்லிஆம்ப் கசிவு

பன்னிரண்டு நாள் வண்டியைத் தொடவில்லை. நேற்றுக் காலை பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 12.68 வோல்ட். செல்ஃபைத் தொட்டதும் என் புல்லட், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, எடுத்துவிட்டது. வண்டி சும்மா நிற்கும்போதே பேட்டரி காலியாகி மூன்று மாதமாக என்னைப் படுத்திய பிரச்சினை தீர்ந்தது என்று இப்போது தைரியமாகச் சொல்வேன். ஆனால் இந்த 12.68 லித்தியம் பேட்டரியில் வந்தது இல்லை, மறுபடியும் வாங்கிப் போட்ட அடைத்த வகை ஈய பேட்டரியில் வந்தது.

போன வருஷம் லித்தியத்துக்கு மாறியதற்குக் காரணம் எடைதான். வீட்டுத் தராசில் பழைய 14 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி நாலரை கிலோ காட்டியது, புதியது ஒன்றேகால் கிலோ. விலை மூன்று மடங்குக்கு மேல். போட்ட முதல் வாரம் செல்ஃப் சுற்றிய வேகத்தைப் பார்த்து, கொடுத்த காசுக்குக் குறையில்லை என்றுதான் நினைத்தேன். பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் பேட்டரி 9.1 வோல்ட்டில் கிடந்தது. மொட்டைமாடியில் வைத்துக் கால் ஆம்பியரில் மெதுவாக ஏற்றினேன், பிழைத்துக்கொண்டது. அடுத்து அலுவலக வேலையாக மூன்று வாரம் வெளியூர். வந்து பார்த்தபோது 2.8 வோல்ட், உறையும் உப்பிப் போயிருந்தது. பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. அந்த அளவுக்கு இறங்கிய லித்தியத்தைத் திரும்ப சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே செல் பாழாகியிருக்கும், சூடேறித் தீப்பிடிக்கவும் வழியுண்டு. அப்படியே கழிவுக்கு ஒப்படைத்துவிட்டேன்.

பார்த்தவர்கள் எல்லோரும் ஆர்.ஆர். யூனிட் (பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) போயிருக்கும் என்றார்கள். ஒரு மெக்கானிக் மாற்றியே ஆக வேண்டும் என்று நின்றார். நான் அளந்தேன். ஐடிலில் 13.1, மூவாயிரம் ஆர்.பி.எம்.மில் 14.3, ஹெட்லைட் போட்டால் 14.1. இரண்டு வகை பேட்டரிக்கும் இது சரியான சார்ஜிங். அப்படியானால் ஏறுவதில் குறையில்லை, நிற்கும்போதுதான் எங்கோ ஒழுகுகிறது.

அந்தக் கசிவை அளப்பதற்கு எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. நெகட்டிவைக் கழற்றி நடுவே மீட்டரை வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 10 ஆம்ப் ரேஞ்சில் வைத்தால் 0.04 என்று காட்டி நின்றுவிடும், அதற்கு மேல் நுணுக்கம் கிடையாது. சரி என்று 200 மில்லிஆம்ப் ரேஞ்சுக்கு மாற்றினேன், மீட்டர் ஃபியூஸ் போனது. புது ஃபியூஸ் போட்டேன், அதுவும் போனது. மூன்றாவது ஃபியூஸ் போட்ட பிறகுதான் காரணம் புரிந்தது. ரேஞ்ச் மாற்றும் அந்த நொடி சர்க்யூட் துண்டிக்கப்படுகிறது. திரும்பச் சேர்ந்ததும், வண்டியில் நான் மாட்டியிருந்த ஜி.பி.எஸ். டிராக்கர் விழித்து மொபைல் டவரைத் தேடுகிறது. அந்த வேளையில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். 200 மில்லிஆம்ப் ஃபியூஸ் எப்படித் தாங்கும்?

வழி இதுதான். பேட்டரி நெகட்டிவுக்கும் கழற்றிய கேபிளுக்கும் இடையே மீட்டரோடு கூடவே ஒரு ஒயரைக் க்ரோகடைல் கிளிப் போட்டுக் கட்டிவிட வேண்டும். கரண்ட் அந்த ஒயர் வழியே ஓடிக்கொண்டிருக்கும், மீட்டரில் ரேஞ்சை மாற்றினாலும் டிராக்கருக்குத் தெரியாது. இருபது நிமிஷம் அப்படியே விட வேண்டும், ஏனென்றால் டிராக்கருக்குள் இருக்கும் சின்ன பேட்டரியும் அந்த நேரத்தில் சார்ஜ் ஆகும். பிறகு ஒயரின் ஒரு முனையை மட்டும் மெதுவாக எடுத்தால் மீட்டர் உண்மையான அளவைக் காட்டும். சாவியைத் தொடவே கூடாது. எனக்குக் கிடைத்தது 41. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். டிராக்கர் 34, ஹேண்டில்பாரில் மாட்டிய யூ.எஸ்.பி. சார்ஜர் 7 மில்லிஆம்ப். இரண்டையும் எடுத்தபின் மிச்சம் 0.3. கம்பெனி ஒயரிங்கில் எந்தக் குறையும் இல்லை, நான் மாட்டியவைதான் குடித்துக்கொண்டிருந்தன.

இப்போது கணக்கைப் பாருங்கள். பேட்டரியில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதை ஆம்பியர்-மணியில் சொல்வார்கள். 41 மில்லிஆம்ப் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு ஆம்பியர்-மணி. என் லித்தியத்தின் மேல் பெரிய எழுத்தில் ‘14 ஆம்பியருக்குச் சமம்’ என்று இருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் 48 வாட்-மணி. அதை 12.8 வோல்ட்டால் வகுத்தால் 3.75 ஆம்பியர்-மணி. அவ்வளவுதான் உள்ளே இருந்த சரக்கு! செல்ஃப் சுற்றும் பலத்தில் வேண்டுமானால் 14க்குச் சமம், நிற்கும் நாள் கணக்கில் இல்லை. முழு சார்ஜில் நிறுத்தினாலும் நான்கு நாளில் காலி. ஈயம் என்றால் ஒரு வாரம் கழித்தும் பாதி இருக்கும். லித்தியம் வாங்குகிறவர்கள் தயவுசெய்து வாட்-மணியைத் தேடிப் படியுங்கள். அதோடு, வோல்ட் இறங்கினால் தானாகத் துண்டித்துக்கொள்ளும் சர்க்யூட் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு விற்றவர் ‘இருக்கிறது’ என்றார். 2.8 வோல்ட் வரை இறங்கியதை வைத்துப் பார்த்தால், செல்களைச் சமப்படுத்தும் போர்டு மட்டும்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

யூ.எஸ்.பி. சார்ஜருக்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் போகும்படி ஒரு ரிலே வைத்தேன். டிராக்கரை அதிர்வு வந்தால் மட்டும் விழிக்கும்படி எஸ்.எம்.எஸ். அனுப்பி மாற்றினேன். இப்போது மொத்தம் 6 மில்லிஆம்ப். பன்னிரண்டு நாளுக்கு இரண்டு ஆம்பியர்-மணிகூட ஆகவில்லை.

பராமரிப்பில் இரண்டும் இரு துருவம். ஈயத்தை எப்போதும் நிறைத்தே வைக்க வேண்டும். 12.4க்குக் கீழே போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும், சென்னை வெயிலில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். 1.4 ஆம்பியரில் 14.4 வோல்ட் வரை ஏற்றி, 13.6ல் விட்டுவிடலாம். லித்தியம் அரை சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கவலைப்படாது, காலியாகத்தான் கூடாது. வோல்ட்டை வைத்து அதன் அளவை மதிப்பிடவும் முடியாது. பாதி இருந்தாலும் 13.1, 13.2 என்றே காட்டும், பிறகு திடீரென்று சரியும். இன்னொன்று, சல்பேட் நீக்கும் மோட் உள்ள பழைய சார்ஜரை லித்தியத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்த மோடில் 15 வோல்ட்டைத் தாண்டிப் போகும், செல் தாங்காது. பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்வதும் ஆபத்து. லடாக் போகிறவர்களுக்கு இது முக்கியம்.

தினமும் ஓட்டுகிற, கூடுதலாக எதுவும் மாட்டாத வண்டி என்றால் லித்தியம் போடலாம். டிராக்கர், அலாரம் உள்ள, வாரம் ஒருமுறை எடுக்கும் வண்டிக்கு ஈயம்தான் என் முடிவு. கடைக்காரர் பழைய ஈயத்துக்கு விலை கழித்துக்கொண்டதும் லாபம். செத்த லித்தியத்துக்கு யாரும் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை.

ஆனாலும் லித்தியத்தை நான் விடப்போவதில்லை. 26650 அளவு லித்தியம் அயன் பாஸ்பேட் செல், ஒன்று 2.5 ஆம்பியர்-மணி, எட்டு வாங்கி நாலு வரிசையில் இரண்டிரண்டாகக் கட்டினால் நிஜமான 5 ஆம்பியர்-மணி. துண்டிக்கும் போர்டை நானே பார்த்துப் போடுவேன். அதற்கு முன் செல்ஃப் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க வேண்டும், சாதா மீட்டரின் 10 ஆம்ப் அதற்கு எந்த மூலைக்கு? ஒயரைக் கவ்விப் பிடித்தே கரண்ட்டை அளப்பது கிளாம்ப் மீட்டர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஏ.சி. கரண்ட்டை மட்டுமே அளக்கும். பேட்டரியில் வருவது டி.சி. என்பதால், அதை அளப்பது வேண்டும் என்று மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சீட்டுக்கு அடியில் சார்ஜருக்கான ஒயரும் இழுத்துவிட்டேன், ஃபியூஸ் ஹோல்டர் மட்டும் பாக்கி. இந்த ஞாயிறு புதுப்பேட்டை போகும்போது வாங்கிவிடுவேன்.