ஃபலூஜா, 2003

ஈராக்கின் ஃபலூஜாவில் அமெரிக்கப் படையெடுப்புப் போர் முடியும்வரை பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. 2003 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியது. பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பு போகிறதே என்ற கோபம். அப்புறம், மாடியில் நிற்கும் சிப்பாய்கள் இரவிலும் பார்க்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுப் பெண்களைப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு பரவியது. உண்மையோ இல்லையோ, கோடை இரவில் மொட்டை மாடியில் குடும்பத்தோடு படுத்துறங்கும் ஊரில் அந்தச் சந்தேகமே போதும். காவலுக்கு உயரமான இடம் வேண்டும் என்று மட்டும் யோசித்தவர்களுக்கு இது புரியவே இல்லை.

ஏப்ரல் 28 இரவு பள்ளியைக் காலி செய்யச் சொல்லி மக்கள் கூடினார்கள். துப்பாக்கிச்சூட்டில் 17 பேர் இறந்ததாக மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்தது. முதலில் தங்களைத்தான் சுட்டார்கள் என்றது படை, ஊர் மறுத்தது.

குலம் குலமாக வாழும் அந்த ஊரில் ஓர் உயிர் போனால் பழிக்குப் பழி, அல்லது பெரியவர்கள் முன்னிலையில் இழப்பீடும் சமாதானமும். அந்தச் சமாதானத்துக்குப் படை உடனே உட்கார்ந்திருக்க வேண்டும். நடந்ததோ வீடு வீடாகச் சோதனை. கதவை உடைத்து, மனைவி மக்கள் பார்க்க ஆண்களைத் தரையில் குப்புறத் தள்ளினார்கள். அரசியலே பேசாதவர்களைக்கூட அந்த அவமானம்தான் ஆயுதம் எடுக்க வைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மறு வருடமே அந்த ஊரில் இரண்டு பெரும் போர்கள்.