திண்ணையில் உட்கார்ந்த அக்கா

2021 ஜூன். நீலகிரியில் கூடலூர் பக்கம் ஒரு பணியர் பழங்குடி ஊருக்குக் கொரோனா தடுப்பூசிப் பெட்டியோடு ஜீப்பில் போனோம். வண்டிச் சத்தம் கேட்டதுமே பாதிப்பேர் தேயிலைக்குள் இறங்கிவிட்டார்கள். என் நர்ஸ் உடுப்பும் அவர்களை மிரட்டியிருக்கும்.

எங்களோடு வந்த சுகாதாரப் பணியாளர் அக்காவும் பணியர்தான். அவர் யாரையும் துரத்தவில்லை. ஒரு திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு, பாட்டியிடம் அவர்கள் மொழியில் பேசினார். ஊசி போட்டால் செத்துவிடுவோமா என்று பாட்டி கேட்டது எனக்கும் புரிந்தது. அக்கா தன் கையைக் காட்டினார். இரண்டு நாள் காய்ச்சல் அடித்ததையும் மறைக்கவில்லை.

2020 ஊரடங்கில் பஸ் நின்றபோது, அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்தநோய் உள்ளவர்களுக்கு ஃபோலிக் அமில மாத்திரையை நடந்தே கொண்டுபோனவர் இவர். எந்த வீட்டில் யாருக்கு அந்த நோய் என்று பதிவேடு பார்க்காமல் சொல்வார். இவரைத் தன்னார்வலர் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். இது வேலை. முழுச் சம்பளம் கொடுக்கவேண்டிய வேலை.

மதியத்துக்குள் ஒவ்வொருவராக மேலேறி வந்தார்கள். கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்கு 84 நாள் என்று நான் விளக்கினேன். அக்கா திருத்தினார்: "ஓணம் கழிஞ்சு ரெண்டு வாரத்துல வருவோம்."