சம்பளச் சீட்டுச் சண்டை

ராணுவ மருத்துவப் படையில் கேப்டனாக இருக்கும் சித்தி மகனும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராக இருக்கும் அக்காவும் நேற்று சம்பளச் சீட்டை வைத்து மல்லுக்கட்டினார்கள். அவனுக்கு அடிப்படை ஊதியம் 61,300 ரூபாயில் தொடக்கம்; அதன்மேல் ராணுவப் பணி ஊதியம் 15,500, தனியாகத் தொழில் செய்யாததற்கு அடிப்படையில் 20 சதவீதப் படி. தமிழக அரசில் அக்காவின் தொடக்கம் 56,100.

“பிறகென்ன, நீதானே பணக்காரன்!”

“நீங்கள் மாலையில் கிளினிக் திறக்கலாம் அக்கா. நான் திறந்தால் விசாரணைதான்.”

அக்கா வாயே திறக்கவில்லை. கிளினிக் வருமானம் எந்தச் சீட்டில் வருகிறது! அவனுடையது குறுகிய காலப் பணி. அப்படியே வெளியே வந்தால் ஓய்வூதியமும் கிடையாது.

சித்தி மட்டும் குறுக்கே புகுந்தாள்: “லடாக் குளிருக்கு அந்த ஒரு ஸ்வெட்டர் போதுமாடா?”