எந்த வியாதியஸ்தர்?

வேதபாட வாத்தியார் காலமானார் என்ற செய்தி கோலாலம்பூரிலிருந்து வந்த அன்றே, மெல்பர்னில் இருக்கும் நம் பள்ளிப் பழைய மாணவர்களின் மலர்க் குழுவினர் அவரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். அவரிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இருந்ததாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை, கடைசி மணி, மேல்மாடிக் கோடியறை ஜெபக்கூட்டம் என்றால் போதும். மற்றதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடந்த நம் பள்ளியில் அந்த ஜெபக்கூட்டம் மட்டும் தமிழில் நடந்தது. நான்காம் படிவத்தில் அதன் நிரந்தர ஜெபக்காரன் நான்தான். உபதேசியாராக இருந்த தாத்தாவிடம் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்ததால், ‘கண்ணின் மணியைப்போல் காத்து இம்மட்டும் வழிநடத்திவந்த கிருபைக்காக ஸ்தோத்திரம்’ என்று தொடங்கி, வந்தவர்களையும் வர முடியாதவர்களையும் ஆசீர்வதிக்கக் கேட்டு, வியாதியஸ்தருக்காகவும் பிரயாணப்படுகிறவர்களுக்காகவும் மன்றாடி, எங்கும் தட்டாமல் ஆமென் வரை போய்ச் சேருவேன். ஒரு வெள்ளிக்கிழமை, வியாதியஸ்தரிடம் வந்தபோது வாத்தியார் குறுக்கிட்டார்.

“எந்த வியாதியஸ்தர், தம்பி? பேர் சொல்லு.”

எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. “சரி, மீதியை நான் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு, என் ஜெபத்தின் எஞ்சிய பகுதியை, நான் மூச்சு வாங்கும் இடங்கள் உட்பட, என் குரலிலேயே சொல்லி முடித்தார். அறையே சிரித்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய தாயார் அந்த வாரம் முழுவதும் பெரிய மருத்துவமனையில் கிடந்தார் என்பதை வாத்தியார் அறிந்திருந்தார், நான் அறிந்திருக்கவில்லை.

ஒரு பையனை அத்தனை பேர் முன்னிலையில் அப்படிச் செய்தது முறையல்ல என்றே இன்றும் எண்ணுகிறேன். ஆசிரியர்களைத் தெய்வமாக்கும் கட்டுரைகள் இந்த மலரில் ஏற்கெனவே போதிய அளவு வந்துவிட்டன.

ஆனால் அடுத்த வாரம் அவர் எடுத்த பாடம் எனக்கு மறக்கவில்லை. வேதத்தில் ஓசியா 7ஆம் அதிகாரத்தில் எப்பிராயீம் என்ற இஸ்ரவேல் கோத்திரத்தைக் குறித்து, ‘நரைமயிரும் அவனில் தெளித்திருக்கிறது, அவனோ அதை அறியாதிருக்கிறான்’ என்று வரும் வசனத்தை வாசிக்கச் செய்தார். தலைமயிரோடு பலத்தையும் பறிகொடுத்த சிம்சோன் அதை இழந்ததைவிட, கர்த்தர் தன்னைவிட்டு விலகியதை அறியாமல் எப்போதும் போல எழுந்து உதறிக்கொண்டு போகப் பார்த்ததுதான் பரிதாபம் என்றார். களவு செய்கிறவனுக்குத் தான் செய்வது தெரியும், அதனால் அவன் ஒருநாள் அழக்கூடும். நரைக்கிறவனைப் பற்றித்தான் அவருக்குப் பயம்.

அவர் காட்டிய நரைகள் மிகச் சாதாரணமானவை. ஞாயிறு மதியச் சாப்பாட்டில் சபைப் போதகரான ஐயரின் பிரசங்கத்துக்கு மதிப்பெண் போடும் வழக்கம் அவற்றில் ஒன்று. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை பேசுவதை அவர் எல்லாவற்றிலும் மோசமாகக் கருதினார். “இன்னார் மகள் யாரோ ஒரு பையனோடு பழகுகிறாளாம், ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று ஒருவர் சொன்னால், ஜெபம் நடந்ததோ இல்லையோ, செய்தி மாலைக்குள், கோலாலம்பூரில் நாம் இருந்த பிரிக்பீல்ட்ஸின் ஸ்காட் சாலையைத் தாண்டியிருக்கும். சொன்னவரோ அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு தூங்கப் போயிருப்பார். இவை எந்தப் பாவப் பட்டியலிலும் இல்லாததால், திருவிருந்துக்கு முன் செய்யும் பாவ அறிக்கையின்போதுகூட யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை என்பார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதால், பிறர் கேட்டால்தான் உண்டு என்பது அவருடைய முடிவு. மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் பிறந்த கதையை அதற்காகவே விரும்பிச் சொல்வார். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜெபவீட்டுக் கட்டடக் கடனை அடைப்பதற்காக, ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் என்று நியமித்து, தலைக்கு வாரம் ஒரு பென்னி வசூலித்தார்கள். காசு வாங்கப் போனவர்கள் அந்த வீடுகளில் நடப்பதையும் கண்டுவந்து சொல்லவே, வாராவாரம் போய் விசாரிப்பதன் அருமை மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்குப் புரிந்தது. வாத்தியார் காசு கேட்கவில்லையே தவிர, சனிக்கிழமை மாலைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நூறு குவார்ட்டர்ஸ் ரயில்வே வீடுகளுக்கு வந்துவிடுவார். நலமா என்று கேட்டால் நலம் என்று தப்பித்துவிடலாம். அவரோ தேநீரை ஆற்றிக்கொண்டே, “இந்த வாரம் யாரோடு பேசாமல் இருக்கிறாய்?” என்று கேட்பார்.

மெல்பர்னில் நம் வீடுகளில், என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று கீர்த்தனை நின்றது; இரவு வேலையால் குடும்ப ஜெபம் வாரம் ஒருமுறை ஆனது; ஒரு குளிர்காலத்தில் ஆராதனையைக் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கி, கோடை வந்த பிறகும் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறோம். எதையும் விட்டுவிடுவதென்று யாரும் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் இரண்டு ஞாயிறு கோயிலுக்குப் போகாவிட்டால் மூன்றாம் ஞாயிறு மாலை வாசலில் யாராவது நிற்பார்கள். இங்கே, மகன் ஏன் படிப்பை விட்டான், மகள் யாரை மணந்தாள் என்று எவரும் கேட்பதில்லை என்பதை நாமே எத்தனை முறை நிம்மதியோடு சொல்லிக்கொண்டிருக்கிறோம்! பிள்ளைகளின் பல்கலைக்கழக இடத்துக்காக விமானம் ஏறியதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நம்மைக் கேட்கும் உரிமை உள்ளவர்களையும் சேர்த்து விட்டுவந்தோம் என்பதுதான் வெகு காலம் உறைக்கவில்லை.

வாத்தியார் பிரிக்பீல்ட்ஸை விட்டுப் போகவில்லை. ரயில்வே யார்டு இருந்த இடத்தில் 2001இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. பின்னர் நூறு குவார்ட்டர்ஸும் இடிபட்டது. அவர் தேடிப்போன குடும்பங்கள் பூச்சோங்குக்கும் கிள்ளானுக்கும் குடிபெயர்ந்தன. போன கிறிஸ்துமஸுக்கு நம் வகுப்புத் தோழன் ஒருவன் கேக்கும் பழக்கூடையுமாக அவரைப் பார்க்கப் போயிருக்கிறான். “இப்போதெல்லாம் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, தம்பி” என்று சொன்னாராம். அறிவுரை கேட்க ஆளில்லை என்று வருந்துகிறார் போலும் என்று எண்ணி, “நாங்கள் எல்லோரும் இன்றைக்கும் உங்களைத்தான் சார் நினைத்துக்கொள்கிறோம்” என்று ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறான்.