சிமெண்ட் மூட்டையும் இடுப்பு வலியும்

மூட்டை 50 கிலோ. இடுப்பை உடைப்பது அந்த எடை மட்டுமல்ல, அது உடம்பை விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும்தான். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) கணக்குப்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலே ஒருவர் தூக்க 23 கிலோதான் உச்சம். அதுவும் பிடிக்கும் கை கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் இருந்தால். 50 செ.மீ. தள்ளிப்போனால் 11.5 கிலோதான்!

இரண்டு பேர் பிடித்தாலும் ஆளுக்கு 25 கிலோ வருகிறது, கவனியுங்கள். அதனால் மூட்டையைத் தரையில் இறக்கவே வேண்டாம். செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, இரண்டு அடி உயரத்தில் அடுக்குங்கள். குனிந்து எடுக்கும் வேலையே வெகுவாகக் குறையும். தூக்கியபின் மூட்டை வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வையுங்கள். குனிந்தபடி திருகும்போதுதான் முதுகுத்தண்டின் தட்டுகளுக்கு (டிஸ்க்) ஆபத்து அதிகம்.

மேஸ்திரிமார்களே, சைட்டுக்கு ஒரு தள்ளுவண்டி கட்டாயம் வாங்கிப் போடுங்கள்.