சர்க்கரை ஆலையில் பி1, பி2: டிப்ளோமாவுக்கான தொழிலகப் பயிற்சி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் படித்த இயந்திரப் பொறியியல் தேசிய டிப்ளோமாவின் மூன்று ஆண்டுகளில் இரண்டுதான் வகுப்பறைக்குரியவை. மீதி ஓராண்டை பி1, பி2 என்னும் ஆறாறு மாதப் பகுதிகளாக ஏதேனும் ஒரு தொழிலகத்தில் கழித்து, கையொப்பமிட்ட பதிவேட்டையும் அறிக்கையையும் ஒப்படைத்தால் ஒழிய டிப்ளோமா கைக்கு வராது. அந்தப் படிப்பு படிப்படியாக நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் வேறு படிப்புகள் வந்துவிட்டன என்றாலும், தொழிலகப் பயிற்சி வெவ்வேறு பெயர்களில் இன்னும் தொடர்கிறது. எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டு, பயிற்சியிடம் கிடைக்காத ஒரே காரணத்தால் சான்றிதழ் இல்லாமல் காத்திருப்பவர்கள் எங்கள் நாட்டில் ஏராளமாக இருப்பதால், எனக்கு இடம் கிடைத்த வழியையும் அங்கே நடந்ததையும் எழுதி வைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

டர்பனில் இந்தியர்கள் மிகுந்து வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து வந்த என் வகுப்புத் தோழர்கள் பெரும்பாலும் ப்ரோஸ்பெக்டனில் உள்ள கார் தொழிற்சாலையையும் ஜேக்கப்ஸ், மொபெனி வட்டாரத்துத் தொழிற்சாலைகளையுமே குறிவைத்தனர். அங்கே ஓர் இடத்துக்குப் போட்டியிடுவோர் கூட்டம் எப்போதும் பெரிதாக இருக்கும். என்னை வேறு பக்கம் திருப்பியவர், வட கடற்கரை ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா. "நவம்பர் முடியறதுக்குள்ள போய் மில்லுல டிரெய்னிங் ஆபீசரைப் பாரு தம்பி. ஜனவரியில எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுடுவாங்க, அப்பத்தான் ஆளு வேணும்" என்றார். எங்கள் முன்னோர் 1860 நவம்பரில் எஸ்.எஸ். ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வரத் தொடங்கியதே கரும்புக்காகத்தான். ஆனாலும் சர்க்கரை ஆலை என்றாலே பழைய காலத்து வேலை என்ற எண்ணம் எங்கள் இளைஞர்களிடம் இருக்கிறது. இது எனக்குச் சாதகமாயிற்று.

விண்ணப்பிக்கும்போது நான் கேட்ட முதல் கேள்வி, மாணவர் பயிற்சிக்கான நிதிக்கு அந்த ஆண்டு ஆலை விண்ணப்பித்திருக்கிறதா என்பது. இங்கே குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊதியம் வழங்கும் நிறுவனங்கள் தம் மொத்த ஊதியச் செலவில் ஒரு சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகச் செலுத்துகின்றன. அதில் ஒரு பகுதி, செட்டா எனப்படும் துறைவாரிப் பயிற்சி ஆணையங்கள் வழியாக மாணவர் உதவித்தொகையாகத் திரும்பி வருகிறது. எத்தனை மாணவர்களைச் சேர்ப்பது என்பதை அந்த நிதியே பெருமளவு தீர்மானிப்பதால், மனிதவளப் பிரிவின் பொது முகவரிக்குத் தன்விவரக் குறிப்பை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட, பயிற்சி அலுவலரை நேரில் கண்டு இதைக் கேட்பது நல்லது. இடம் உறுதியான பிறகு மருத்துவப் பரிசோதனையும் பாதுகாப்பு வகுப்பும் நடந்தன. ஒலி அளவு 85 டெசிபலைத் தாண்டும் இடங்களில் வேலை செய்பவர்களுக்குச் செவித்திறன் சோதனை கட்டாயம் என்பதால் அதுவும் சேர்ந்துகொண்டது. வகுப்பின் முடிவில் என் பெயர் பொறித்த பூட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். எந்த இயந்திரத்தில் கை வைப்பதானாலும் அதன் மின்விசையை அணைத்து என் பூட்டைப் போட வேண்டும், அதை என்னைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது.

தென்னாப்பிரிக்க ஆலைகள் ஏறத்தாழ ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கரும்பு அரைக்கின்றன. வெட்டிய கரும்பை வைத்திருந்தால் அதிலுள்ள சர்க்கரை கெடும் என்பதால் அந்த மாதங்களில் ஆலை இரவு பகலாக ஓடும். ஜனவரி முதல் மார்ச் வரை எதுவும் ஓடாது, ஆலை முழுவதையும் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். 'ஆஃப்-கிராப்' எனப்படும் இந்தக் காலத்தில் பி1 தொடங்கியதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பேறு. ஆண்டு முழுதும் ஓடும் தொழிற்சாலையில் பயிற்சி பெற்ற நண்பன் ஒருவன் மாதக்கணக்கில் இயந்திரங்களின் மூடிய உறைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். என் முன்னாலோ நொறுக்கி இயந்திரத்தின் சுத்தியல்கள் கழற்றப்பட்டுத் தரையில் வரிசையாகக் கிடந்தன, பிழியும் உருளைகள் கிரேனில் தூக்கப்பட்டுப் பட்டறைக்குப் போயின, ஆவியாக்கிகளின் குழாய்களிலிருந்து படிவு சுரண்டப்பட்டது. கொதிகலன் போன்ற அழுத்தக் கலன்களைப் பொதுவாக 36 மாதங்களுக்கு மேற்படாத இடைவெளியில் உள்ளும் புறமும் ஆய்ந்து நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது சட்டம். அந்தச் சோதனை ஒன்றின்போது அழுத்தமானியின் அளவுகளை எழுதும் வேலை எனக்கு வந்தது.

என்னை ஒப்படைத்திருந்த மூத்த ஃபிட்டர் ஒரு ஜூலுக்காரர். அங்குள்ள வழக்கப்படி நானும் அவரைப் 'பாபா' (அப்பா) என்றே அழைத்தேன். அவர் அதிகம் பேசமாட்டார், ஆனால் ஒரு பம்பைப் பிரித்தால் ஒவ்வொரு உறுப்பையும் என்னிடம் கொடுத்து அளக்கச் சொல்வார். மையவிலக்குப் பம்பில் சுழலிக்கும் தேய்மான வளையத்துக்கும் இடையிலான இடைவெளி பெருகினால், வெளியே போக வேண்டிய சாறு பம்புக்குள்ளேயே திரும்பிச் சுற்றும், மின்சாரம் செலவாகும், ஓட்டம் குறையும். வகுப்பில் திறன் வளைகோடுகளை வரைந்து மதிப்பெண் வாங்கியிருந்த எனக்கு, அந்த வளைகோடு ஏன் ஆண்டுக்காண்டு கீழிறங்குகிறது என்பது தேய்ந்த வளையத்தைக் கையில் வைத்து அளந்தபோதுதான் விளங்கியது. பம்பையும் மோட்டாரையும் மீண்டும் இணைத்த பிறகு இரண்டின் அச்சுகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்து நேர்வரிசை பார்ப்பார். குழாய்களை முடுக்கியதும் மறுபடியும் பார்ப்பார். குழாயின் இழுப்பே அச்சை விலக்கிவிடும் என்பதால் இரண்டாவது அளவீடுதான் நம்பத்தக்கது என்பது அவர் கருத்து, என் கருத்தும் இப்போது அதுவே.

பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நன்றாக வேலை செய்த மாணவர்கள்கூட இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் செய்ததை எழுதி, வரைபடம் இட்டு, பொறுப்பாளரின் கையொப்பம் பெற வேண்டும். "பம்பு மாற்ற உதவினேன்" என்று எழுதினால் கல்வி நிறுவனத்திலிருந்து வரும் விரிவுரையாளர் அதை ஒரு பொருட்டாகவே கருதமாட்டார். எந்தப் பம்பு, ஏன் கழற்றப்பட்டது, என்ன அளவு கிடைத்தது, உற்பத்தியாளர் அனுமதிக்கும் அளவு என்ன, யார் முடிவு செய்தார் என்ற ஐந்தும் இருந்தால் அரைப் பக்கமே போதும். கையொப்பமிடுபவர் தகுதி பெற்ற பொறியாளராகவோ தொழில்நுட்பராகவோ இருக்க வேண்டும் என்று எங்கள் துறை கேட்டது. பாபா எனக்குக் கற்பித்தவற்றுக்குப் பாபாவின் கையொப்பம் செல்லாது என்ற விதியில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆயினும் விதி அதுதான். அரைவைப் பருவம் தொடங்கிவிட்டால் பொறியாளரைப் பிடிப்பது அரிது என்பதால், வெள்ளிக்கிழமைக் காலைக் கூட்டத்துக்கு முன் அவர் அறை வாசலில் பதிவேட்டுடன் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஏப்ரலில் கொதிகலன்கள் எரியத் தொடங்கின. பிழிந்த சக்கையில் ஏறத்தாழ பாதி ஈரம்தான், ஆனாலும் அதுவே எரிபொருள். அதன் நீராவி டர்பைன்களைச் சுழற்றி ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தையும் தருகிறது. (ஊரில் மின்வெட்டு நேரத்தில் ஆலை மட்டும் வெளிச்சமாக நிற்பதைப் பார்த்து வீட்டார் என்னைக் கேலி செய்வதுண்டு.) பி2வில் ஒரு தனித் திட்டப்பணி வேண்டும். சக்கையைக் கொதிகலனுக்குக் கொண்டுசெல்லும் சங்கிலிக் கடத்தியை நான் எடுத்துக்கொண்டு, பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் நாட்களில் குறிப்பிட்ட கண்ணிகளின் நீளத்தை அளந்து, சங்கிலி எந்த வேகத்தில் நீள்கிறது என்று வரைபடமாக்கினேன். ஆஃப்-கிராப்பில் கழற்றிப்போட்ட பழைய சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் ஊசிகளை முன்பே அளந்து வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது.

இறுதியில் வேண்டியவை நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட கடிதத்தாளில் தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்த கடிதம், பதிவேடு, அறிக்கை, பொறுப்பாளரின் மதிப்பீட்டுப் படிவம் ஆகியவை. டிசம்பரில் அரைவை முடிந்ததும் பலர் விடுப்பில் போய்விடுவார்கள் என்பதால் கடிதத்தின் வாசகத்தை நவம்பரிலேயே தயார் செய்துகொண்டேன். நான்காண்டுப் பட்டப்படிப்பில் இருந்துகொண்டு விடுமுறைப் பணி தேடுபவர்களுக்கு ஓராண்டு முழுவதும் ஆலையில் இருக்க வாய்ப்பில்லை. அவர்கள் முதல் முறையை டிசம்பர்–ஜனவரி விடுமுறையில் இயந்திரங்கள் பிரிக்கப்படும்போதும், அடுத்ததை ஜூன்–ஜூலையில் அவை ஓடும்போதும் அதே ஆலையில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுப் பார்க்கலாம். இரண்டாம் முறை மருத்துவப் பரிசோதனை செல்லுபடியாகும் காலத்துக்குள் இருந்தால் அதைத் திரும்பச் செய்யச் சொல்லமாட்டார்கள்.