கவாசாகி நிஞ்ஜா 1100எஸ்எக்ஸ்: கோவளம் வரை ஓட்டிப் பார்த்தேன்

சென்னையிலிருந்து தேனிக்கு 500 கிலோமீட்டர் சொச்சம். என்னிடம் இருப்பது ஒரு 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி. நல்ல வண்டிதான், குறை சொல்ல மனசு வராது. ஆனால் காற்றைத் தடுக்க முன்னால் கண்ணாடி கிடையாது. விழுப்புரம் தாண்டிச் சாலை திறந்ததும் காற்று நெஞ்சில் அறைய ஆரம்பிக்கும். திருச்சியில் இறங்கி டீ குடிக்கும்போது கழுத்து பிடித்துக்கொண்டிருக்கும். மனைவியும் பின்னால் இருந்தால் திண்டுக்கல் வரைக்கும்தான் பேச்சு, அப்புறம் மௌனம்.

அதனால்தான் ஸ்போர்ட்ஸ் டூரர் பக்கம் கண் போனது. ரேஸ் வண்டியின் இன்ஜின், ஆனால் குப்புறப் படுத்து ஓட்ட வேண்டாம். ஹேண்டில் உயரமாக இருக்கும், காற்றை ஒதுக்கக் கண்ணாடி உண்டு, பக்கத்துக்கு ஒன்றாகப் பெட்டி மாட்டிக்கொள்ளலாம். இந்தியாவில் இந்த வகையில் தேர்வு ரொம்பக் குறைவு. நீண்ட பயணம் என்றாலே எல்லோரும் அட்வெஞ்சர் வண்டிக்குப் போய்விட்டார்கள். அவற்றின் சீட் உயரத்துக்கு 5 அடி 6 அங்குலக்காரன் ஒவ்வொரு சிக்னலிலும் நுனிக்காலில் நிற்க வேண்டும். மலையேற எனக்கு ஆசையும் இல்லை, நான் போவது தார்ச்சாலையில்தான். மிச்சம் இருந்தது கவாசாகி நிஞ்ஜா 1100எஸ்எக்ஸ்.

2011ல் நிஞ்ஜா 1000 என்று தொடங்கிய வரிசை இது. 2020ல் 1000எஸ்எக்ஸ் ஆனது, 2024 டிசம்பரில் 1100எஸ்எக்ஸ் ஆக இந்தியாவுக்கு வந்தது. இன்ஜின் 1043 சிசியிலிருந்து 1099 ஆனது. பிஸ்டனின் அகலம் அதே 77 மில்லிமீட்டர்தான், அது ஏறி இறங்கும் தூரத்தை 56லிருந்து 59 ஆக்கியிருக்கிறார்கள். விவரம் தெரியாதவர்கள் முதலில் கவனிப்பது, சிசி கூடியும் பவர் 142 பிஎஸ்ஸிலிருந்து 136 ஆகக் குறைந்ததைத்தான். எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. டார்க், அதாவது இழுவிசை, 111லிருந்து 113 நியூட்டன் மீட்டர் ஆகியிருக்கிறது, அதுவும் முன்பைவிடக் குறைந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) கிடைக்கிறது. ஐந்தாவது, ஆறாவது கியர்களை இன்னும் நீளமாக்கியிருக்கிறார்கள், அதாவது அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றினால் போதும். ஊருக்குப் போகிறவனுக்கு வேண்டியது இதுதான், பத்தாயிரம் ஆர்பிஎம்மில் கிடைக்கும் அந்த 6 பிஎஸ் அல்ல.

டெஸ்ட் ரைடு கேட்டு இணையத்தில் படிவம் நிரப்பினேன். மறுநாள் போன் வந்தது. எடுத்த எடுப்பில், “சார், லோனா, கேஷா?” என்றார் எதிர்முனையில் இருந்த தம்பி. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். டெமோ வண்டி வேறு ஊர் போயிருக்கிறது, வந்ததும் கூப்பிடுகிறேன் என்றார். இந்த விலையில் இருக்கும் வண்டிகளுக்கு ஊர் ஊராக ஒரே டெமோ வண்டி சுற்றுவது சகஜம்தான். சொன்னபடி கூப்பிட்டார்.

நான் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டேன். ஒன்று, ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது, ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கோவளம் வரை போக வேண்டும். இன்னொன்று, மனைவியும் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலாவதற்கு உடனே சரி என்றார். இரண்டாவதற்கு மேனேஜரிடம் கேட்டுச் சொன்னார்: முதலில் நீங்கள் தனியாக ஓட்டுங்கள் சார், உங்கள் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு மேடத்தை ஏற்றலாம். நியாயம்தான். யாரென்றே தெரியாத ஆளிடம் பதினாலு லட்ச ரூபாய் வண்டியைக் கொடுக்கிறவர்களின் கவலை அவர்களுக்கு.

ஞாயிறு காலை 6 மணிக்கு வரச் சொன்னார்கள். கியர் வண்டி ஓட்ட அனுமதி உள்ள லைசென்ஸ், முழு ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ எல்லாம் இருந்தால்தான் சாவி. பிறகு ஒரு படிவம் நீட்டினார்கள். பெரும்பாலானோர் இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். நான் நின்று படித்தேன். ஓட்டும்போது சேதம் ஏற்பட்டால் செலவு ஓட்டுகிறவர் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. இன்சூரன்ஸ் நகலைக் காட்டச் சொன்னேன். எவ்வளவு வரை இன்சூரன்ஸ் கொடுக்கும், மீதி யார் தலையில் விழும் என்று கேட்டு, அதைப் படிவம் கொடுத்தவர் கையாலேயே அதன் ஓரத்தில் எழுத வைத்தேன். முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் எழுதிக் கொடுத்தார். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். இந்த மாதிரி வண்டியில் பக்கவாட்டு பிளாஸ்டிக் ஒன்று உடைந்தாலே பெரிய தொகை.

வண்டியில் உட்கார்ந்தேன். சீட் உயரம் 835 மில்லிமீட்டர். தொடை படும் இடத்தில் சீட் ஒடுங்கியிருப்பதால் இரண்டு முன்பாதமும் நன்றாக ஊன்றியது, குதிகால் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. எடை 235 கிலோவுக்கு மேல். இன்ஜினைப் போடாமல் முதலில் தள்ளித்தான் பார்த்தேன். ஷோரூம் வாசலில் சின்னச் சரிவு இருந்தது, அங்கே உட்கார்ந்தபடியே பின்பக்கமாகத் தள்ளியதில் மூச்சு வாங்கியது. நம் வீட்டு வாசல், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட், ஊரில் மாட்டுக்கொட்டகை ஓரம் என்று தினமும் செய்ய வேண்டிய வேலை இதுதான். அதனால் இதை ஷோரூமிலேயே செய்து பார்த்துவிடுவது நல்லது.

ஷோரூம் தம்பி ஒரு 300 சிசி வண்டியில் முன்னால் போக, நான் பின்தொடர்ந்தேன். கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருந்தது, இரண்டு விரலே போதும். திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்கள், திடீர்த் தடுப்புகள், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மேன்ஹோல் மூடிகள். ஒரு பெரிய வண்டியைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று சொல்வேன். காலி ரோட்டில் எந்த வண்டியும் அருமையாகத்தான் போகும். பாலவாக்கம் பக்கம் ஒரு மாநகரப் பேருந்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்தபோது, இரண்டாவது கியரில், கிட்டத்தட்ட ஆக்ஸிலரேட்டரே கொடுக்காமல், திணறாமல் இழுத்தது. என் 650ல் அந்த வேகத்துக்கு முதல் கியருக்கு இறங்கி கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டியிருக்கும். நாலு சிலிண்டர் இன்ஜினின் அருமை எனக்குப் புரிந்தது அங்கேதான், ஹைவேயில் அல்ல.

இந்த மாடலில் குவிக்‌ஷிஃப்டர் 1500 ஆர்பிஎம்மிலிருந்தே வேலை செய்யும் என்கிறார்கள். கிளட்சைத் தொடாமல் கியர் மாற்றும் வசதி அது. பெரும்பாலான வண்டிகளில் மெதுவாகப் போகும்போது இது ‘டக்’கென்று உதைக்கும். இதில் இரண்டிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து நாலுக்கு என்று ஊருக்குள்ளேயே மாற்றிப் பார்த்தேன். முதலிலிருந்து இரண்டாவது கியருக்குப் போகும்போது மட்டும் ஒரு சின்னத் தள்ளாட்டம். மற்றபடி வழுக்கிக்கொண்டு போனது. வேகத்தைக் குறைக்கும்போது கீழே இறக்கவும் கிளட்ச் வேண்டாம், ஆனால் பழக்கதோஷத்தில் இடது கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டே இருந்தது.

சிக்னலில் நின்றால் சூடு தெரிகிறது. காலை 6 மணிக்கே வலது முழங்காலுக்குக் கீழே வெதுவெதுப்பு. மே மாத மதியம் கிண்டியில் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நாலு சிலிண்டர் வண்டிகள் எல்லாவற்றிலும் இருப்பதுதான் இது. வேலைக்குத் தினமும் எடுத்துப் போகலாம் என்று நினைப்பவர்கள் மதியம் போய் ஓட்டிப் பாருங்கள்.

உத்தண்டி டோலைத் தாண்டியதும் சாலை திறந்தது. இருசக்கர வாகனத்துக்கு அங்கே கட்டணம் இல்லை, ஓரமாக நுழைந்து போய்விடலாம். இங்கேதான் எல்லோரும் ஆக்ஸிலரேட்டரைத் திருகுவார்கள். நானும் கொஞ்சம் திருகினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் நான் முக்கியமாகச் செய்தது, ஆறாவது கியரில், வேகத்தைத் தானே பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை 80ல் போட்டுவிட்டு ஓட்டியதுதான். ஏன் 80? 2018ல் மத்திய அரசு போட்ட அறிவிக்கையின்படி நாலுவழிச் சாலையிலும் எக்ஸ்பிரஸ்வேயிலும் மோட்டார் சைக்கிளுக்கான உச்சவரம்பே 80தான். பெங்களூரு மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்டிலிருந்து இருசக்கர வாகனங்களுக்கு இடமே இல்லை. 136 பிஎஸ் வாங்குகிறவன் இந்த உண்மையோடுதான் வாழ வேண்டும். அந்த வேகத்தில் மானி 3000 ஆர்பிஎம்மை ஒட்டி நின்றது. இன்ஜின் இருப்பதே தெரியவில்லை. முன்னால் போன வேனைத் தாண்ட வேண்டியிருந்தபோது கியரை இறக்காமலேயே கைப்பிடியை லேசாகத் திருகினேன், வேன் பின்னால் போய்விட்டது. இந்த வண்டிக்குக் காசு கொடுப்பது எதற்கு என்று கேட்டால், அந்த ஒரு திருகலுக்குத்தான்.

முன்கண்ணாடி நாலு நிலைகளில் நிற்கும். மானிக்குக் கீழே ஒரு சின்ன லீவர், அதை அமுக்கிக்கொண்டு கையால் சாய்க்க வேண்டும், ஓடும்போது செய்யக்கூடாது. தாழ்வான நிலையில் காற்று என் தோள்பட்டையில் வந்து விழுந்தது. ஓரமாக நிறுத்தி முழுக்க உயர்த்தியதும் நெஞ்சும் கழுத்தும் அமைதியாயின, ஆனால் ஹெல்மெட்டின் உச்சியில் ‘புர்ர்’ என்று ஒரு சத்தம். அதற்கு ஒருபடி கீழே வைத்ததும் சரியாகிவிட்டது. ஆளுக்கு ஆள் இது மாறும், ஆறடி ஆளுக்கு நான் சொல்வது எதுவும் பொருந்தாது. முட்டுக்காடு பாலத்தின் மேல் கடல்காற்று பக்கவாட்டில் அடித்தபோது வண்டி அசையவில்லை. எடை அங்கே உதவிக்கு வந்தது.

கோவளம் ஜங்ஷனில் திருப்பினேன். யூ டர்ன் எடுக்க இந்த வண்டிக்கு அகலம் வேண்டும், ஹேண்டில் அதிகம் திரும்பாது. ஒரே மூச்சில் முடியாமல் காலை ஊன்றித்தான் திரும்பினேன்.

திரும்பி வந்ததும் மேனேஜர் எதுவும் சொல்லாமல் தலையை ஆட்டினார். மனைவி ஹெல்மெட்டோடு தயாராக நின்றாள். ஷோரூம் தம்பி குனிந்து, வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு குமிழைப் பிடித்துச் சில கிளிக் திருப்பினார். பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்குவதற்கான குமிழ் அது. ஸ்பேனர் வேண்டாம், கையாலேயே திருப்பலாம். ஒரு ஆள் ஏறினால் இப்படி, பெட்டியும் மாட்டினால் இன்னும் கொஞ்சம் என்று காட்டினார். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இரண்டு பேர் ஏறியும் இதைத் தொடாமல் ஓட்டினால் வண்டி பின்னால் அமுங்கி, முன்சக்கரம் லேசாகி, வளைவில் பாரமாக இருக்கும். பிறகு வண்டியைக் குறை சொல்வார்கள்.

அவளோடு நீலாங்கரை வரை போய் வந்தோம். வேகத்தடைகளில் பின்சீட்டில் குலுக்கல் எப்படி என்பதுதான் என் கேள்வி. அவள் சொன்னது வேறு. “பிடிச்சுக்க ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கு, அது நல்லா இருக்குங்க. ஆனா நீங்க பிரேக் பிடிச்சா நான் உங்க மேல வந்து விழறேன். கால் வேற ரொம்ப மடங்குது. தேனி வரைக்கும்னா நடுவுல நாலு தடவையாவது எறங்கணும்.” என் 650ன் சீட் தட்டை, இதில் பின்சீட் ஒரு படி உயரம். தம்பி உடனே, பின்பெட்டி மாட்டினால் முதுகுக்குச் சாய்மானம் கிடைக்கும் மேடம் என்றார். முன்பக்கம் விழுவதற்கு முதுகுச் சாய்மானம் எப்படி உதவும் என்று அவள் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. நான் பிரேக்கை மென்மையாகப் பிடிக்கப் பழகினால் பாதி சரியாகும் என்று நினைக்கிறேன். கால் மடங்குவதற்கு வழியில்லை.

இன்னொன்று, இந்த வண்டிக்குச் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. செயின் வண்டி இது. நீண்ட பயணத்தில் வழியில் செயினுக்கு லூப் (மசகு ஸ்ப்ரே) அடிக்க வேண்டுமென்றால் வண்டியைத் தள்ளித் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்க வேண்டும், அல்லது பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தத் தனியாக ஒரு ஸ்டாண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். டூரர் என்று பெயர் வைத்துவிட்டு இது இல்லாதது எனக்கு உறுத்துகிறது.

காபி கொடுத்து உட்கார வைத்து விலைப்பட்டியல் நீட்டினார்கள். அறிமுகமானபோது எக்ஸ் ஷோரூம் 13.49 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனது. அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 31. அந்த வித்தியாசத்திலேயே விலை 14 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்குச் சாலை வரி 12 சதவீதம். வரிக்குக் கட்டும் காசில் ஒரு நல்ல 150 சிசி வண்டி வாங்கிவிடலாம். இன்சூரன்ஸ், பெட்டிகள், பெட்டி மாட்டும் கம்பி எல்லாம் தனி. இன்சூரன்ஸை நீங்களே வெளியில் விசாரியுங்கள், ஷோரூம் தருவதைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முன்பணம் எதுவும் கட்டவில்லை. பக்கப் பெட்டி இரண்டையும் மாட்டி, உள்ளே எடை வைத்து, அவளையும் ஏற்றி மாமல்லபுரம் வரை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பெட்டி மாட்டிய டெமோ இப்போதைக்கு இல்லை, வரவழைக்க முடியுமா என்று பார்க்கிறேன் என்றார் தம்பி. வந்தால் போவேன். அதற்குள் பின்சீட்டுக்கு வேறு மெத்தை வைத்துத் தைத்துக் கொடுக்கும் ஆள் யாராவது சென்னையில் இருந்தால் சொல்லுங்கள்; சீட்டின் உயரத்தைக் குறைத்தால் முழங்கால் இன்னும் மடங்கும், அதனால் உயரத்தைக் குறைக்காமல் மெத்தையை மட்டும் மாற்றத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும்.